நெல் அறையில் காற்றுத் தளம்: பல அறுவடை பார்த்த அனுபவம்

காரைக்குடிப் பக்கம் கண்மாய்ப் பாசனத்தில் நெல் போடுகிறவர்களுக்கு அறுவடை இப்போது ஒரு பொழுது வேலைகூட இல்லை. எந்திரம் வயலில் இறங்கி ஏறிவிடும். முன்பெல்லாம் கருது அறுத்து, கட்டித் தூக்கி, போர் வைத்து அடிக்கிற நாட்களிலேயே பாதி ஈரம் போய்விடும். இப்போது 20 சதவீத ஈரத்தோடு மொத்த நெல்லும் ஒரே நாளில் வந்து குவிகிறது. களம் கிடைக்காதவர்கள் தார்ரோட்டில் கொட்டிவிட்டு, வண்டிக்கும் மழைக்கும் பயந்து காவல் இருப்பதைத் தை மாதம் எங்கள் ஊர்களில் பார்க்கலாம்.

அதனால்தான் நெல் அறை கட்டியபோது அதன் ஒரு பகுதியைக் காற்றுத் தளமாக, அதாவது அடியிலிருந்து காற்றை ஊதி நெல்லைக் காயவைக்கிற தளமாக அமைத்தோம். யாராவது இதைக் கட்ட நினைத்தால், சுவருக்கும் கூரைக்கும் முன்னால் தளத்துக்குப் பணம் ஒதுக்குங்கள் என்பேன்.

தளம் பத்துக்குப் பன்னிரண்டு அடி. அடியில் ஒன்றரை அடி வெற்றிடம், அதன்மேல் ஆங்கிள் சட்டம், அதற்கு மேல் துளை போட்ட இரும்புத் தகடு. ஒன்றரை அடி உயரத்துக்கு நெல் பரப்பினால் ஏறக்குறைய மூன்று டன் கொள்ளும். சதுர அடிக்கு 25 கிலோ பாரம், போதாததற்கு ஆட்களும் மேலே நடப்பார்கள். சட்டத்தில் சிக்கனம் பார்த்தால் தகடு தொய்ந்துவிடும். துளை ஒன்றரை மில்லிமீட்டர் இருந்தால் சன்ன ரகமும் கீழே உதிராது.

காற்றாடி விஷயத்தில் கவனம் வேண்டும். கடையில் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேனைக் காட்டி இதுவே போதும் என்பார்கள். திறந்த வெளியில் அது நன்றாகத்தான் வீசும். நெல்லுக்குள் புகுந்து மேலேற அழுத்தம் வேண்டும். நாங்கள் வைத்திருப்பது 2 எச்.பி. புளோயர். அதே அளவு முக்கியம், ஈரக்காற்று வெளியேற வழி. தாழ்வாரத்தை ஒட்டிச் சுவரின் உச்சியில் வலை அடித்த திறப்புகள் இல்லையென்றால் அறைக்குள்ளேயே வேர்க்கும்.

ஒரு டன் நெல்லை 20 சதவீதத்திலிருந்து 14க்கு இறக்க ஏறக்குறைய 70 கிலோ தண்ணீர் வெளியேற வேண்டும். வெயில் தெளிவாக அடித்தால் எங்கள் தளத்தில் இரண்டு மூன்று பகலில் முடிகிறது. அடிநெல் முதலில் காயும், மேல்நெல் கடைசியில்தான். கடித்துப் பார்த்தாலும் சரி, ஈரப்பதமானியில் பார்த்தாலும் சரி, மூன்று ஆழத்தில் எடுத்துப் பார்க்க வேண்டும். தினம் ஒருமுறை பலகையால் புரட்டிவிட்டால் வித்தியாசம் குறைகிறது. இரண்டு அடிக்கு மேல் குவிக்கவே வேண்டாம்.

இரவில் ஓட்டலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். 'மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்பார்கள் இல்லையா, அந்தப் பனிக்காற்றை ஊதினால் காய்ந்த நெல் மறுபடி ஈரம் குடிக்கும். காய்ந்து, நனைந்து, மறுபடி காய்கிற நெல்லில் உள்ளே விரிசல் விழும். மில்லில் குருணையாகக் கொட்டும். காலை பனி விலகிய பிறகு போட்டு, பொழுது சாய நிறுத்திவிடுகிறோம். நெல் ரொம்ப ஈரமாக வந்து, கையை விட்டால் சூடு தெரிந்தால் மட்டும் இரவிலும் ஓடட்டும். அப்போது சூட்டைத் தணிப்பதுதான் முக்கியம். புதுவயலில் அரைக்கக் கொடுக்கும்போது, ரோட்டில் காய்ந்த நெல்லுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் முழு அரிசியில் தெரிகிறது. கல்லும் இல்லை.

கருப்புக் கவுனிக்குத்தான் இந்த ஏற்பாடு பெரிய உதவி. அதை நெல்லாகவே வைத்திருந்து, விசேஷத்துக்கு வேண்டியபோது கொஞ்சம் கொஞ்சமாக அரைக்கிறோம். விதைக்கு எடுத்து வைப்பதை 13 சதவீதத்துக்குக் கீழே இறக்கிய பிறகே மூட்டை பிடிக்கிறோம். அந்தும் வண்டும் அதற்காக வராமல் போகாது, ஆனால் ஈர நெல்லில் பெருகுகிற வேகம் இதில் இல்லை.

அறையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மூன்றடி உயரப் பீடம், கதவின் அடியில் தகரம், உள்ளே விரிசல் இல்லாத சுண்ணாம்புப் பூச்சு, சுவரை விட்டு ஓரடி தள்ளி மரச்சட்டத்தின் மேல் மூட்டைகள்.

குறை என்றால் தூசிதான். புளோயர் ஓடும்போது உள்ளே நிற்பவர் மூக்கில் துணி கட்டியே ஆக வேண்டும். காற்றுத் தளத்தின் சட்டத்துக்கு அடியில் தூசியும் பதரும் சேர்ந்தால் எலி வரும், பூச்சி வரும். வெல்டரிடம் தகடுகளைத் துண்டு துண்டாக, இரண்டு பேர் தூக்குகிற எடையில் கேளுங்கள். ஒட்டி வெல்டு வைத்துவிட்டால் கீழே கூட்டவே முடியாது.