பள்ளிக்கு மென்பொருள் வாங்கப் போகிறவர்களுக்கு: நான் கையெழுத்திட்டுச் சிக்கிய கதை

பள்ளி நிர்வாக மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் இருக்கும் ஆசிரியர்கள் இதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மதிப்பெண், வருகைப்பதிவு, கட்டணம் எல்லாவற்றுக்கும் ஒரே மென்பொருள் என்று முடிவெடுத்தோம். விற்பனையாளர் காட்டிய செயல்விளக்கம் கண்ணைப் பறித்தது. 30 கற்பனை மாணவர்கள், வண்ண வண்ண வரைபடங்கள். எங்களிடம் இருந்ததோ 1,000 பிள்ளைகளுக்கு மேல். அரையாண்டுத் தேர்வு முடிந்து ஆசிரியர்கள் எல்லோரும் ஒரே மாலையில் மதிப்பெண் பதிய உட்கார்ந்தபோது திரை வெளுத்து நின்றுவிட்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டு, முறைவைத்துப் பதிந்தோம்.

மூன்றாம் ஆண்டு சந்தாவை இரு மடங்காக்கினார்கள். வேண்டாம், எங்கள் தரவுகளைக் கொடுங்கள் என்றோம். கொடுத்தார்கள்: ஒரு மாணவருக்கு ஒரு பி.டி.எஃப். எக்செல் கோப்பு கிடையாது, எந்த மென்பொருளிலும் ஏற்றக்கூடிய எளிய அட்டவணைக் கோப்பான சி.எஸ்.வி.யும் கிடையாது. "தரவுகள் திருப்பி வழங்கப்படும் என்றுதானே ஒப்பந்தத்தில் இருக்கிறது, எந்த வடிவில் என்று இல்லையே" என்றார்கள். உண்மைதான். அந்தப் பக்கத்தின் அடியில் என் கையெழுத்து.

பி.டி.எஃப்.பிலிருந்து தமிழை நகலெடுத்து ஒட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கொம்பு ஓரிடம், கால் ஓரிடம், நடுவில் எழுத்து அநாதையாக நிற்கும். பெயர்களைக் கையால் தட்டச்சு செய்தோம். கோடை விடுமுறை அதிலேயே போயிற்று.

வாங்கும்போதே எங்கள் கணினி ஆசிரியை கேட்டார், "நாளை விட்டு விலகினால் தரவு எப்படி வரும் சார்?" கல்யாணப் பந்தலில் விவாகரத்துப் பேச்சா என்று அவரை அடக்கியது நான்தான். கல்வித் தொழில்நுட்பப் பொருள்கள் சராசரியாக 36 மாதங்களுக்கு ஒரு முறை மாறிவிடுவதாக யுனெஸ்கோவின் 2023 அறிக்கை சொல்வதைப் பிறகுதான் படித்தேன்.

ஆகவே செயல்விளக்கத்தின்போதே, தரவை வெளியே எடுக்கும் ஏற்றுமதிப் பொத்தானை நீங்களே அழுத்துங்கள். வரும் கோப்பை உங்கள் கணினியில் திறந்து பாருங்கள். மாணவர் பட்டியலைப் பரிமாற ஒன்ரோஸ்டர் என்ற பொதுத் தரநிலை இருக்கிறது, அதில் சி.எஸ்.வி. வடிவமும் உண்டு. அந்தப் பெயரைக் கேட்டு விற்பனையாளர் விழித்தால் யோசியுங்கள். எத்தனை நாளுக்குள், எந்த வடிவில் தரவு வரும், அவர்களுடைய சர்வரிலிருந்து எப்போது அழிக்கப்படும் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழி உறுதிக்கு மதிப்பில்லை; அதைத் தந்த விற்பனையாளர் இப்போது அந்த நிறுவனத்திலேயே இல்லை.

மதிப்பெண்களை மீட்டுவிட்டோம். இரண்டாண்டு வருகைப்பதிவு மட்டும் இன்னும் பி.டி.எஃப்.பிலேயே கிடக்கிறது. தட்டச்சு செய்ய யாரும் முன்வரவில்லை. கேட்கும் துணிவு எனக்கும் இல்லை.