கலவரம் வந்தால் துப்பாக்கியா, கட்டுப்பாடா?

அமெரிக்காவில் தெரு பற்றி எரியும்போதெல்லாம் இந்தக் குழப்பம்தான்: கையில் துப்பாக்கி வாங்கி வைப்பதா, துப்பாக்கிக்குக் கட்டுப்பாட்டுச் சட்டம் கேட்பதா?

வேகம்
துப்பாக்கி: சட்டென்று கைக்கு வரும். 1992 லாஸ் ஏஞ்சலஸ் கலவரத்தில் போலீஸ் வராமல்போக, கொரியக் கடைக்காரர்கள் ஆயுதத்தோடு கூரையேறி நின்றார்கள்.
சட்டம்: இழுக்கும். ஆனால் 1967 மே மாதம் கருஞ்சிறுத்தைகள் (கறுப்பின உரிமைக்குப் போராடிய அமைப்பினர்) துப்பாக்கியோடு கலிஃபோர்னியா சட்டமன்றத்துக்குள் நுழைந்தார்கள். ஜூலையிலேயே கட்டுப்பாடு வந்துவிட்டது. கையெழுத்திட்டவர் அப்போதைய மாநில ஆளுநர், பழமைவாதி ரீகன்! யாரைக் கண்டு பயம் என்பதைப் பொறுத்தது போலும்.

நீடிப்பு
துப்பாக்கி: ஊர் அடங்கினாலும் அலமாரியில் கிடக்கும், குழந்தைக்கும் எட்டும்.
சட்டம்: ஆதரவு ஊசலாடும். காலப் (Gallup) நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் துப்பாக்கிச் சட்டத்தில் கடுமை கேட்டவர்கள் 2019-இல் 64%. போராட்டங்கள் வெடித்த 2020-இல் 57%.

போலீஸ் எட்டாத கடைக்காரருக்கு முதலாவது. பிள்ளைகள் ஓடியாடும் வீட்டுக்கு என் ஓட்டு இரண்டாவதற்கே.