இத்தாலியில் ரயிலா, வாடகைக் காரா, பேருந்தா? பயணிகளுக்கான ஓர் ஒப்பீட்டு அலசல்

இத்தாலியில் எதில் சுற்றுவது நல்லது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்தெந்த ஊர்களுக்குப் போகிறீர்கள் என்பதைத்தான். மிலான், ஃபிளாரன்ஸ், ரோம், நேப்பிள்ஸ் ஆகிய நான்கும் ஒரே அதிவேக ரயில் பாதையில் கோத்தவை போல அமைந்திருக்கின்றன. வெனிஸ் அதிலிருந்து பிரியும் ஒரு கிளையில் இருக்கிறது. தஸ்கனியின் குன்றூர்கள், வடக்கே டோலமைட் மலைகள், தெற்கே புலியாவின் சிற்றூர்கள் ஆகியவை அந்தப் பாதைக்கு வெளியே கிடக்கின்றன. ஆகவே பயணம் முழுவதற்கும் ஒரே வாகனம் என்று முடிவு செய்வதுதான் பலரும் செய்யும் முதல் தவறு.

பாதுகாப்பையும் இதனுடன் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும். இத்தாலியில் சுற்றுலாப் பயணிகளின் உயிருக்கும் உடலுக்கும் ஆபத்து நேர்வது அரிது. பயணத்தைக் கெடுப்பவை பெரும்பாலும் இரண்டு: பறிபோகும் பணப்பையும், ஊர் திரும்பிய பிறகு வந்து சேரும் அபராதமும். ரயிலில் சட்டைப்பையைக் காக்க வேண்டும். காரில் சாலை விதிகளையும், நிறுத்திய வண்டிக்குள் இருக்கும் பெட்டிகளையும் காக்க வேண்டும். பேருந்தில் நேரத்தைக் காக்க வேண்டும்.

அதிவேக ரயிலும் வட்டார ரயிலும்

பெருநகரங்களுக்கு இடையே ரயிலுக்கு நிகராக எதுவும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. அரசு நிறுவனமான டிரெனிடாலியாவின் ஃபிரெச்சரோசா ரயில்களும், 2012 முதல் ஓடும் தனியார் இத்தாலோ ரயில்களும் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் செல்கின்றன. ரோமிலிருந்து ஃபிளாரன்ஸ் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம், நேப்பிள்ஸ் ஒரு மணி பத்து நிமிடம், மிலான் மூன்று மணி நேரத்தை ஒட்டி. ரோம் முதல் மிலான் வரை காரில் சென்றால் ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. சுங்கக் கட்டணமும் பெட்ரோல் செலவும் தனி. இரு நிறுவனங்களில் எது மேல் என்று கேட்டால், பெரிய வேறுபாடு இல்லை என்பேன். உங்கள் நேரத்துக்கு எது மலிவோ அதை எடுத்துக்கொள்ளலாம். விமானச் சீட்டைப் போலவே இவற்றின் கட்டணமும் நாள் நெருங்க நெருங்க ஏறும் என்பதால், சில வாரங்களுக்கு முன்பே வாங்குவது நல்லது. ஆனால் மிக மலிவான சீட்டில் ரயிலை மாற்றவோ பணத்தைத் திரும்பப் பெறவோ பொதுவாக வழியில்லை. விமானத்திலிருந்து இறங்கிய அன்றே ரயில் ஏறுபவர்கள், விமானம் தாமதமானால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பார்த்துச் சற்றுக் கூடுதல் விலையுள்ள சீட்டை வாங்கலாம்.

'ரெஜியோனாலே' எனப்படும் வட்டார ரயிலின் கணக்கு வேறு. அதில் இருக்கை முன்பதிவு இல்லை. கட்டணம் எப்போது வாங்கினாலும் ஒன்றே. ரோமிலிருந்து ஃபிளாரன்ஸுக்கு அதில் சென்றால் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். பணம் மிச்சமாகும், ஆனால் அரை நாள் போய்விடும். ஃபிளாரன்ஸிலிருந்து பீசா, லூக்கா போன்ற குறுந்தொலைவுகளுக்கும், லா ஸ்பேசியாவிலிருந்து சிங்க்வே தெர்ரே கடலோரச் சிற்றூர்களுக்கும் இந்த வகை ரயில்களே சரியானவை. சிங்க்வே தெர்ரேக்குக் காரில் போவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. வண்டி நிறுத்த இடம் தேடியே பாதி நாள் கழிந்துவிடும்.

வட்டார ரயிலில் ஒரு கண்ணி இருக்கிறது. நிலையத்தில் வாங்கிய காகிதச் சீட்டில் நேர முத்திரை பதிக்காமல் ஏறினால், பணம் கொடுத்து வாங்கிய சீட்டே செல்லாததாகிவிடும். நடைமேடையின் தொடக்கத்திலோ சுவரோரத்திலோ உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிறு பெட்டி பொருத்தப்பட்டிருக்கும். சீட்டின் முனையை அதன் பிளவில் செருகி அழுத்தினால், கரகரவென்று ஓர் ஒலி எழுந்து, நாளும் நேரமும் நிலையத்தின் பெயரும் சிறு எழுத்தில் பதியும். அந்த எழுத்து உண்மையிலேயே விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே ஏற வேண்டும்; மை தீர்ந்த பெட்டிகளும் உண்டு. பெட்டி வேலை செய்யவில்லை என்றால், ஏறியவுடன் நீங்களே பரிசோதகரைத் தேடிச் சென்று சொல்லிவிடுங்கள். கைபேசியில் வாங்கிய வட்டாரச் சீட்டுக்கு முத்திரைக்குப் பதிலாக, ஏறுவதற்கு முன் செக்-இன் செய்ய வேண்டும். அதிவேக ரயிலில் நாளும் நேரமும் இருக்கையும் சீட்டிலேயே இருப்பதால் இந்த வேலை இல்லை.

ஊர்ப் பெயர்களும் நம்மவர்களைத் தடுமாற வைக்கும். அறிவிப்புப் பலகையில் ஃபிளாரன்ஸ் என்று இருக்காது, ஃபிரென்ஸே என்றிருக்கும். வெனிஸ் வெனேசியா, நேப்பிள்ஸ் நாப்போலி. வெனேசியா மெஸ்த்ரே என்பது நிலப்பகுதியில் உள்ள நிலையம். தீவுக்குள் போக வெனேசியா சாந்தா லூசியாவில் இறங்க வேண்டும். பலகையில் 'பினாரியோ' என்பது நடைமேடை எண், 'ரித்தார்தோ' என்பது தாமதம்.

'ஷோப்பெரோ' என்ற சொல்லையும் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். வேலைநிறுத்தம் என்று பொருள். இத்தாலியில் இது அடிக்கடி நடக்கும்; பெரும்பாலும் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டு, போக்குவரத்து அமைச்சகத்தின் தளத்திலும் வெளியாகும். வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் முக்கியமான வட்டார ரயில்கள் ஓடியாக வேண்டும் என்ற ஏற்பாடு உண்டு. நெடுந்தொலைவு ரயில்களில் கட்டாயம் ஓடுபவற்றின் பட்டியலும் தனியே வெளியாகும். கார் ரயிலை வெல்லும் இடங்களில் இதுவும் ஒன்று.

வாடகைக் கார்

தஸ்கனியின் குன்றூர்களையும் டோலமைட் கணவாய்களையும் மனம்போல் நின்று நின்று பார்க்கக் காருக்கு இணையில்லை. நாள்தோறும் இரண்டே பேருந்துகள் வரும் ஒரு சிற்றூரில், மாலை வெயில் கோதுமை வயலில் சாயும்வரை காத்திருக்கும் சுதந்திரம் வேறு எதிலும் கிடைக்காது. அதற்கான விலையைத் தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இந்திய உரிமம் மட்டும் போதாது. ஊரில் ஆர்டிஓ அலுவலகம் மூலம் பெறும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் கூடவே இருக்க வேண்டும். அது ஓராண்டுக்குச் செல்லும். அசல் உரிமத்துடன் சேர்த்துக் காட்டினால்தான் மதிப்பு. வண்டியை ஒப்படைக்கும்போது பெரும்பாலான நிறுவனங்கள் ஓட்டுநரின் பெயரிலேயே உள்ள கிரெடிட் கார்டைக் கேட்கும். நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்களுக்கு வலப்பக்கச் சாலையே போதுமான சோதனை. அதனுடன் கியரையும் வலக்கையால் மாற்றப் பழக வேண்டாம் என்றால், ஆட்டோமேட்டிக் வண்டியை முன்பே கேட்டு வையுங்கள்.

வேக வரம்பு நெடுஞ்சாலையில் மணிக்கு 130 கிலோமீட்டர், மழை பெய்தால் 110, ஊருக்குள் 50. நெடுஞ்சாலைகளில் பல இடங்களில் இரு புள்ளிகளுக்கு இடையிலான சராசரி வேகத்தைக் கணக்கிடும் கருவிகள் உண்டு; கேமராவைக் கண்டதும் வேகத்தைக் குறைக்கும் உத்தி அங்கே செல்லாது. சுங்கச்சாவடியில், தானாகவே கட்டணம் கழிக்கும் கருவி பொருத்திய வண்டிகளுக்கான மஞ்சள் நிற 'டெலிபாஸ்' வரிசையில் நுழைந்துவிடாதீர்கள். நுழைவில் சீட்டெடுத்து, வெளியேறும் இடத்தில் பணமோ கார்டோ செலுத்த வேண்டும். வண்டி நிறுத்தும் இடங்களில் நீலக்கோடு கட்டணம், வெள்ளைக்கோடு பெரும்பாலும் இலவசம், மஞ்சள்கோடு மற்றவர்களுக்கு ஒதுக்கப்பட்டது.

எல்லாவற்றையும் விடப் பெரிய கண்ணி 'இசட்.டி.எல்.' எனப்படும் கட்டுப்படுத்தப்பட்ட போக்குவரத்துப் பகுதி. பழைய நகரங்களின் நடுப்பகுதிக்குள் அனுமதி இல்லாத வண்டிகள் நுழையக் கூடாது. தடுப்புக் கம்பியோ காவலரோ இருப்பதில்லை. வெள்ளை வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் போட்ட ஒரு பலகையும், அதன்மேல் ஒரு கேமராவும் மட்டுமே இருக்கும். தஸ்கனியின் சிறு நகரம் ஒன்றில் கைபேசி வழிகாட்டி சொன்ன திருப்பத்தில் நான் திரும்பினேன். மின்பலகையில் 'வார்க்கோ அத்தீவோ' என்று எழுத்துகள் ஒளிர்ந்தன. வழி திறந்திருக்கிறது என்று அதைப் புரிந்துகொண்டேன். உண்மையில், வாயில் கண்காணிப்பு இயங்குகிறது, நுழையாதே என்பதே அதன் பொருள். விடுதி கிடைக்காமல் அதே தெருவை மீண்டும் சுற்றி வந்தேன். மாதங்கள் கழித்து வீட்டுக்கு இரண்டு அபராதங்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் என் முகவரியை அதிகாரிகளுக்குக் கொடுத்ததற்கான கட்டணத்தை வாடகை நிறுவனம் முன்பே என் கார்டில் பிடித்திருந்தது. ஒரு நுழைவுக்கு ஓர் அபராதம். ஒரே நாள் என்பதால் அது ஒன்றாகக் கழியாது.

வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு இந்த அறிவிப்பை 360 நாட்களுக்குள் அனுப்பலாம் என்பதால், எதுவும் வரவில்லையே என்று சில மாதங்களிலேயே நிம்மதி அடைந்துவிட முடியாது. வந்துசேர்ந்த ஐந்து நாட்களுக்குள் கட்டினால் பொதுவாக 30 விழுக்காடு தள்ளுபடி உண்டு. விடுதி அந்தப் பகுதிக்குள் இருந்தால், வண்டி எண்ணை முன்பே பதிவு செய்து தருவார்களா என்று எழுதிக் கேளுங்கள். இல்லையென்றால் வண்டியைப் பழைய நகர மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடப்பதே மேல்.

பெட்டிகளை வண்டிக்குள் கண்ணில் படும்படி விட்டுச் செல்வதும் ஆபத்து. வாடகைக் கார் என்பது பார்த்தவுடன் தெரியும். டிக்கியில் வைப்பதாக இருந்தாலும் புறப்படும் இடத்திலேயே வைத்துவிடுங்கள். காட்சியிடத்தின் வாகன நிறுத்தத்தில் வந்து டிக்கியைத் திறந்து பையை உள்ளே போட்டால், பார்த்துக்கொண்டிருப்பவருக்கு நாமே இடத்தைக் காட்டியது போலாகும். நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை பல சாலைகளில் பனிக்கால டயரோ சங்கிலியோ கட்டாயம் என்பதை வடக்கே செல்பவர்கள் மறக்கக் கூடாது.

பேருந்து முந்தும் இடங்கள்

நெடுந்தொலைவுப் பேருந்து மலிவு என்பதைத் தவிர அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சில வழித்தடங்களில் அது ரயிலை வெல்கிறது. ஃபிளாரன்ஸிலிருந்து சியனாவுக்குச் செல்லும் விரைவுப் பேருந்து பழைய நகரத்தை ஒட்டியே இறக்கிவிடும். ரயில் நிலையமோ குன்றின் அடிவாரத்தில் இருக்கிறது. சிசிலியில் பலேர்மோவுக்கும் கத்தானியாவுக்கும் இடையிலும் பேருந்தே பொதுவாக விரைவானது. பலேர்மோவில் இலங்கைத் தமிழர்கள் நெடுங்காலமாக வாழ்கிறார்கள்; பெல்லெகிரீனோ மலைமேல் உள்ள புனித ரோசாலியாவின் குகைக்கோயிலுக்குக் கிறித்தவர், இந்து என்ற வேறுபாடின்றி அவர்கள் ஏறிச் செல்வதைக் காணலாம். அந்த மலைக்கும் நகரப் பேருந்து உண்டு.

நேப்பிள்ஸுக்குத் தெற்கே உள்ள அமால்ஃபி கடற்கரையில் மூன்று வழிகளையும் எடைபோட்டால், கார் கடைசியில் நிற்கும். பாறையைக் குடைந்த குறுகலான சாலை. நெரிசல் காலத்தில் வண்டி எண்ணின் கடைசி இலக்கத்தை வைத்து நாள்விட்டு நாள் அனுமதிக்கும் முறையும் அங்கே உண்டு. பேருந்து மலிவு, ஆனால் கோடையில் நின்றபடி வளைவுகளில் ஆட வேண்டிவரும். வாந்தி வருபவர்களுக்கு ஒத்துவராது. கோடைப் பருவத்தில் அருகிலுள்ள சலேர்னோ நகரிலிருந்து ஓடும் படகுதான் என் முதல் தேர்வு.

பணப்பையைக் காத்தல்

கூட்டமுள்ள நகரப் போக்குவரத்தில்தான் ஜேப்படி அதிகம். ரோமில் தெர்மினி நிலையத்திலிருந்து வாத்திக்கான் பக்கம் செல்லும் 64-ஆம் எண் பேருந்தும், நேப்பிள்ஸிலிருந்து பொம்பேய் வழியாகச் சொரெந்தோ செல்லும் சிர்க்கும்வெசுவியானா ரயிலும் இதற்குப் பெயர்பெற்றவை. சொரெந்தோவுக்கு நேப்பிள்ஸ் துறைமுகத்திலிருந்து படகும் உண்டு. விலை கூடுதல், நெரிசல் குறைவு. முதியவர்களுடன் செல்பவர்கள் படகை எண்ணிப் பார்க்கலாம்.

இது எப்படி நடக்கிறது என்பதை ரோமின் சுரங்க ரயிலில் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். கதவு மூடும் ஒலி எழும் நேரத்தில் நான்கைந்து பேர் முண்டியடித்து ஏறினார்கள். ஒருத்தி விரித்த வரைபடத்தை ஒரு பெரியவரின் மார்புக்கு நேராகப் பிடித்தாள். கதவு மூடுவதற்குள் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். ரயில் நகர்ந்த பிறகுதான் பெரியவர் கால்சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். கதவருகே நிற்காமல் உள்ளே தள்ளி நில்லுங்கள், முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள் என்பவை வெறும் சம்பிரதாய அறிவுரைகள் அல்ல.

பாஸ்போர்ட்டையும் பெரிய தொகையையும் ஆடைக்குள் அணியும் பையிலும், அன்றாடச் செலவுக்கான பணத்தைத் தனியாகவும் வைப்பதே சரி. ஒரு கார்டைப் பெட்டியில் பிரித்து வைக்கலாம். பாஸ்போர்ட்டை ஒருபோதும் பெட்டியில் வைக்கக் கூடாது. அது தொலைந்தால் முதலில் காவல் நிலையத்தில் 'தெனுன்சியா' என்ற புகார்ச் சான்றைப் பெற்று, பிறகு ரோமில் உள்ள இந்தியத் தூதரகத்தையோ மிலானில் உள்ள துணைத் தூதரகத்தையோ அணுக வேண்டும். அவசர உதவிக்கு எண் 112.

ரோம் ஃபியுமிச்சினோ விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வருவதற்கும் ஒரு கணக்கு உண்டு. லெயோனார்தோ எக்ஸ்பிரஸ் 32 நிமிடத்தில் தெர்மினியில் விடும். ஒருவருக்கு 14 யூரோ. 8 யூரோ வட்டார ரயில் தெர்மினிக்குப் போகாது. திராஸ்தேவெரே, ஒஸ்தியென்சே நிலையங்கள் வழியாகச் செல்லும். பழைய மதிலுக்குட்பட்ட பகுதிக்கு உரிமம் பெற்ற வெள்ளை டாக்சிக்கு நகராட்சி நிர்ணயித்த ஒரே கட்டணம். அது 50 யூரோவைச் சற்றுத் தாண்டும். தனியாள் ரயிலில் வரலாம். நான்கு பேருக்குப் பெட்டிகளும் இருந்தால் டாக்சியே நியாயம். வருகை மண்டபத்துக்குள்ளேயே வந்து "டாக்சி?" என்று அழைப்பவருடன் மட்டும் போகாதீர்கள், வெளியே வரிசை இருக்கிறது.

வெனிஸில் ரயிலும் காரும் தீவின் விளிம்போடு நின்றுவிடும். காரில் வந்தவர்கள் மெஸ்த்ரேயிலேயே நிறுத்திவிட்டுப் பத்து நிமிட ரயிலில் கடப்பது மலிவு. சாந்தா லூசியாவிலிருந்து சான் மார்கோ சதுக்கம் வரை நடந்தால் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும்; பாலத்துக்குப் பாலம் படிகள், சக்கரப் பெட்டியைத் தூக்கியே ஏற வேண்டும். நீர்ப்பேருந்தில் 75 நிமிடச் சீட்டு 9.50 யூரோ. பெட்டியோடு வரும் நாளிலும் திரும்பும் நாளிலும் படகில் செல்லுங்கள்; இடைப்பட்ட நாட்களில் நடந்தே போய்விடலாம்.