ரோமன் தங்க மோதிரம் ஏலத்துல எடுக்கப் போறவங்க இதைப் படிச்சிட்டு எடுங்க

லண்டன்ல ஒரு ஆன்லைன் ஏலக்காரங்க (பேர் போடல, பேங்க்ல டிஸ்பியூட் ஓடிட்டு இருக்கு) 'கி.பி. 2ஆம் நூற்றாண்டு ரோமன் தங்க மோதிரம்'னு போட்டிருந்ததை எடுத்தேன். சூதுபவளக் கல்லு, அதுல ஃபார்ச்சூனா தேவதை ஒரு கையில சுக்கான், இன்னொரு கையில பழம் நிறைஞ்ச கொம்போட நிக்கிறா, மெழுகுல அழுத்தினா அச்சு அவ்ளோ சுத்தமா விழுது. கல்லைப் பத்தி எனக்குப் புகாரே இல்ல, அது பழசுதான்னு விஷயம் தெரிஞ்சவங்களும் சொல்றாங்க. வில்லங்கமே தங்கத்துலதான்.

சந்தேகம் வந்து ஹேட்டன் கார்டன்ல (லண்டன் நகைக்கடைத் தெரு) ஒரு பட்டறையில எக்ஸ்ஆர்எஃப் மெஷின்ல (எக்ஸ்ரே விட்டு என்னென்ன உலோகம்னு காட்டுறது) வச்சுப் பாத்தா தங்கம் டாண்ணு 18 கேரட், சால்டர் வச்சு ஒட்டின இடத்துல கேட்மியம். ரோமன் நகைல தங்கம் பொதுவா இதைவிட நல்லா சுத்தமா இருக்கும், கேட்மியம்ங்கிற உலோகத்தைக் கண்டுபிடிச்சதே 1817-ல! போதாக்குறைக்கு கல்லு ஓரமெல்லாம் தேஞ்சு கீறல் விழுந்து கிடக்கு, அதைப் புடிச்சிருக்குற தங்க விளிம்புல ஒரு தேய்மானமும் இல்ல, இடுக்குல இருந்த 'மண்ணு' அசிட்டோன் (நெயில் பாலிஷ் அழிக்கிற திரவம்) தொட்டதும் கரைஞ்சு வந்துருச்சு, நிஜ மண்ணு அப்படிக் கரையாது. ஆக பழைய கல்லை வாங்கி புது மோதிரத்துல பதிச்சு மொத்தத்தையும் ரோமன்னு வித்துட்டாங்க. இந்த மாதிரி கல்லு தனியா சில நூறு பவுண்டுக்கே கிடைக்கும், தங்க மோதிரத்தோட சேந்ததுன்னா விலை ஆயிரக்கணக்குல ஏறிடும், அதான் கணக்கு.

கேட்டா சர்டிஃபிகேட் இருக்கேன்றாங்க, அதை எழுதினது யாருன்னு பாத்தா அவங்க ஆளேதான். எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டா 'பழைய ஐரோப்பிய கலெக்‌ஷன்', வருஷம் கிடையாது, ரசீது கிடையாது, பழைய கேட்லாக்ல ஒரு போட்டோ கூட கிடையாது. இங்கிலாந்து மண்ணுல சமீபத்துல கிடைச்சிருந்தா 1996 ட்ரெஷர் (புதையல்) சட்டப்படி 14 நாள்ல தகவல் குடுத்திருக்கணும், அந்தப் பேப்பராவது இருக்கணும்ல. 2023-ல பிரிட்டிஷ் மியூசியமே சுமார் 2,000 பொருள் திருட்டு, சேதம், காணோம்னு சொல்லுச்சு, அதுல நிறைய இப்படி செதுக்கின கல்லுங்கதான், சிலது இபேல வித்ததைப் பாத்துட்டு ஒரு டேனிஷ் வியாபாரி 2021-லயே எச்சரிச்சிருக்கார். என் கல்லும் அப்படித் திருடுனதா இருக்கலாம், அதனால கல்லு ஒரிஜினல்னு வேற நான் நிம்மதியா இருக்க முடியாது.

போலி ஒண்ணும் புதுசில்லதான், ரோமன் காலத்துலயே கண்ணாடியைக் கல்லுன்னு தள்ளிவிட்டிருக்காங்கன்னு அந்தக் கால ரோமன் எழுத்தாளர் ப்ளினி எழுதிவச்சிருக்கார். ஆனா அப்ப 'நிபுணர் கருத்தே இறுதியானது'ன்னு பொடி எழுத்துல கண்டிஷன் போட்டு பணத்தைத் திருப்பித் தர மாட்டேன்னு நின்னிருக்க மாட்டாங்க.

வாங்கியே தீரணும்னா, பணம் கட்டுறதுக்கு முன்னாடி கல்லுக்கும் தங்கத்துக்கும் தனித்தனியா காலம் எழுதித் தரச் சொல்லுங்க, மோதிரத்தோட உள்பக்கம், கல்லு பதிச்ச விளிம்பு ரெண்டையும் க்ளோசப்ல கேளுங்க, வெளில டெஸ்ட் பண்ணி தப்பா வந்தா ரிட்டர்ன் உண்டான்னு மெயில்ல வாங்கிக்குங்க. மழுப்பினா விட்டுடுங்க. அதே ஆளுங்க இப்ப இன்னொண்ணு ஏத்தியிருக்காங்க, கல்லுல மார்ஸ் (ரோமன் போர்க் கடவுள்), மோதிர வளையம் அச்சு அசலா என்னோடதேதான்.