அறுவடை மிஷினைக் கூப்பிடும் முன்: மேகதூத், மௌசம், காரைக்கால் ரேடார், தாமினி

டெல்டாவில் குறுவை அறுவடையும் மழையும் பெரும்பாலும் ஒரே வாரத்தில்தான் வந்து நிற்கும். கதிர் முற்றிவிட்டது, மிஷினை இறக்கலாமா, இரண்டு நாள் பொறுக்கலாமா? இதற்கு உதவ நான்கு இலவச சேவைகள் இருக்கின்றன. நாலும் நாலு வேலைக்கு. ஒன்றின் வேலையை இன்னொன்றிடம் கேட்டால் நெல் நனையும்.

மேகதூத் செயலி ஐந்து நாள் திட்டத்துக்கு. தமிழில் படிக்கலாம். மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் மழை, வெப்பநிலை, காற்று, ஈரப்பதம் எல்லாம் வரும். செவ்வாயும் வெள்ளியும் வேளாண் ஆலோசனை புதிதாக வரும். எல்லோரும் மழைக் கட்டத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அறுவடைக்கு அதைவிட ஈரப்பதக் கட்டம் முக்கியம். கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு 17 சதவீத ஈரம்தான் வழக்கமான வரம்பு. பகலிலும் காற்றின் ஈரப்பதம் 90-ஐ ஒட்டியே நின்றால், ஒரு சொட்டு மழை இல்லாவிட்டாலும் களத்தில் கொட்டிய நெல் அந்த அளவுக்கு இறங்குவது கடினம். மாவட்டக் கணக்கை மட்டும் பார்ப்பதில் குறை என்னவென்றால், மாவட்டம் முழுவதற்கும் அது ஒன்றுதான். கும்பகோணமும் கடலோரச் சேதுபாவாசத்திரமும் ஒரே தஞ்சாவூர் மாவட்டம்தான், ஆனால் கடலோர மழை கும்பகோணத்துக்கு வர வேண்டும் என்று கட்டாயமில்லை.

மௌசம் செயலியில் பயன்படுவது இரண்டு: வண்ண எச்சரிக்கை, அடுத்த மூன்று மணி நேர முன்னறிவிப்பு. ஏழு நாள் படத்தில் வரும் மேகக் குறியை நம்பி மிஷினுக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம். வானிலை அறிக்கையில் உள்ள சொற்களுக்கு அளவு உண்டு. கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ., மிக கனமழை 12 முதல் 20. ‘ஓரிரு இடங்களில்’ என்றால் மழைமானி நிலையங்களில் கால் பங்குக்குள். ஆக, உங்கள் வயல் காய்ந்து கிடந்தாலும் அறிக்கை பொய்யாகிவிடவில்லை. இன்னொன்று: காலையில் வெளியாகும் மழையளவு 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்துக்கானது. ஒரு செ.மீ. மழை என்றால் ஒரு மா நிலத்தில் (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) சுமார் 13,500 லிட்டர் தண்ணீர். பக்கத்து ஊர் மானியில் 4 செ.மீ. பதிவாகியிருந்தால் டயர் வைத்த அறுவடை மிஷினை மறந்துவிட்டு பெல்ட்டில் ஓடும் வண்டி கிடைக்குமா என்று விசாரிக்கலாம். வாடகை கூடும், ஆனால் புதையாது.

நாலில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் எங்கள் தேர்வு காரைக்கால் ரேடார் படம். வானிலைத் துறையின் தளத்தில் ரேடார் பக்கத்தில் காரைக்காலைத் தேர்ந்தெடுங்கள். படம் திறந்ததும் நிறத்தைப் பார்க்காதீர்கள், நேரத்தைப் பாருங்கள். யுடிசி (உலகப் பொது நேரம்) என்றிருந்தால், நம் நேரத்துக்கு 5.30 மணி கூட்ட வேண்டும். பழுதான நாளில் எந்த ரேடார் பக்கத்திலும் பழைய படமே நின்றுவிடக்கூடும், தேதியைப் பார்க்காதவர் முந்தாநாள் வானத்தைப் பார்த்து வண்டியை வரச்சொல்லிவிடுவார்.

அடுத்து டிபிஇசட் அளவுகோல், அதாவது மழையில் பட்டுத் திரும்பும் ரேடார் அலையின் வலு. 20 தூறல், 40-க்கு மேல் நல்ல மழை, 50-ஐத் தாண்டினால் இடியோடு கொட்டுகிறது. அரை மணி இடைவெளியில் இரண்டு படம் எடுத்து ஒப்பிடுங்கள். மழைத் திட்டு 10 கி.மீ. நகர்ந்திருந்தால் வேகம் மணிக்கு 20 கி.மீ. அது இன்னும் 30 கி.மீ. தள்ளி இருந்தால் ஒன்றரை மணி அவகாசம், ஒரு மா இரண்டு மா அறுத்து மூட்டை கட்டி தார்ப்பாய் போட்டுவிடலாம். எந்தப் பக்கம் பார்ப்பது என்பது மாதத்தைப் பொறுத்தது. ஆவணி, புரட்டாசியில் மாலை இடிமழை பெரும்பாலும் மேற்கே உள்நாட்டில் கட்டி கடலை நோக்கி வரும். ஐப்பசியில் பருவமழை பிடித்த பின் கடலிலிருந்து கிழக்குக் காற்றோடு ஏறும், அப்போது திருச்சிப் பக்கம் தெளிவாக இருப்பதில் ஆறுதல் கொள்ள எதுவுமில்லை.

இந்தக் கணக்கு தவறும் இடங்களும் உண்டு. கடற்காற்று உள்ளே நுழையும் பிற்பகலில், வரும் மழைக்கு முன்னாலேயே புதிய மேகம் கட்டிவிடும், ஒன்றரை மணி அரை மணியாகும். காரைக்காலை ஒட்டிய ஊர்களுக்கு வேறு சிக்கல்: ரேடாருக்கு நேர் மேலே இருப்பது அதன் கண்ணுக்குத் தெரியாது. அதிகாலையில் அசையாமல் நிற்கும் திட்டு தென்பட்டால் அது மழையாகவே இல்லாமல் இருக்கலாம். தரையிலும் கடலிலும் பட்டுத் திரும்பிய அலை அப்படிக் காட்டும்.

தாமினி செயலி இடிமின்னலுக்கு மட்டும். உங்களைச் சுற்றி 20, 40 கி.மீ. வட்டத்தில் விழும் மின்னலைக் காட்டும். போனில் இருப்பிட வசதி திறந்திருக்க வேண்டும். பேட்டரி சேமிப்பு போட்டிருந்தால் எச்சரிக்கை வராமலே போகலாம், அந்தச் செயலிக்கு மட்டும் விலக்கு கொடுத்துவிடுங்கள். வயல் நடுவே சிக்னல் போனால் காதுதான் கருவி: மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று வினாடிக்கு ஒரு கி.மீ. முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் வரப்பில் நிற்க வேண்டாம். புளியமரத்தடிக்கும் ஓட வேண்டாம், கான்கிரீட் வீட்டுக்குள் போய்விடுங்கள்.