வைட்டமின் சி, பீட்டா குளுக்கான்: என் மீன் குட்டையில் நிலைத்தவை

தஞ்சாவூர் பக்கம் பண்ணைக்குட்டையில் ரோகு, கட்லா வளர்க்கிறேன். மீனுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி தரும் என்று கடையில் விற்பவற்றில் பலதைப் போட்டுப் பார்த்தாயிற்று. இன்றுவரை விடாமல் வாங்குவது வைட்டமின் சி, பீட்டா குளுக்கான் இரண்டையும்தான்.

தேவையான வைட்டமின் சி-யை இந்தக் கெண்டை இனங்கள் தீவனத்திலிருந்துதான் பெற வேண்டும். குறைந்தால் முதுகெலும்பு வளையும், புண் ஆற நாளாகும். வைட்டமின் சி-யின் சாதாரண வடிவமான அஸ்கார்பிக் அமிலம் சூட்டிலும் ஈரத்திலும் வீரியம் இழந்துவிடும் என்பதால் பாஸ்பேட்டோடு நிலைப்படுத்திய வகையை வாங்குகிறேன். கிலோ தீவனத்துக்கு 500 மில்லிகிராம். பீட்டா குளுக்கான் ஈஸ்ட்டின் செல்சுவரிலிருந்து எடுப்பது, கிலோவுக்கு 1 கிராம். கிருமி வந்துவிட்டதாக நினைத்து மீனின் வெள்ளணுக்கள் உஷாராகிவிடும். ஆனால் வருடம் முழுக்கக் கொடுத்தால் அந்த உஷார் மழுங்கிப்போகும். அதனால் புரட்டாசியில் சில வாரம் கொடுத்து நிறுத்திவிடுவேன். மழையில் தண்ணீர் குளிர்ந்த பிறகுதான் சிவப்புப் புண் நோய் தலைகாட்டும்.

எதை வாங்குகிறோம் என்பதைவிட எப்படிக் கலக்கிறோம் என்பதில்தான் காசு நிற்கும். தூளை ஆறிய அரிசிக் கஞ்சியில் கரைத்து, மிதவைத் தீவனத்தின் மேல் தெளித்துப் புரட்டி, நிழலில் உலர்த்த வேண்டும். வெயில் ஆகாது. ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கக் கஞ்சியில் ஒரு சிட்டிகை மஞ்சள் சேர்ப்பேன். ஒரு பிடி எடுத்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டால், ஐந்து நிமிடத்துக்குள் தண்ணீர் மஞ்சளாகக் கூடாது. மஞ்சளாகிவிட்டால், மீன் தின்பதற்குள் மருந்து குளத்துக்குப் போய்விடும் என்று அர்த்தம். தவிடும் கடலைப் பிண்ணாக்கும் சாக்கில் கட்டித் தொங்கவிடுகிறவர்கள் இதற்குச் செலவு செய்யவே வேண்டாம், எல்லாம் கரைந்துவிடும்.

எடை கூடும் என்பார்கள். வீச்சுவலை போட்டு நிறுத்துப் பார்த்ததில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. புண்ணோடு வரும் மீன் குறைந்தது, வலை இழுத்த மறுநாள் சாவதும் குறைந்தது. அதில் ஒழுங்காகச் சுண்ணாம்பு போட்டதற்கும் பங்கு உண்டு. விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறக்கிற குட்டையில் எந்தத் தூளும் எடுபடாது. அங்கே முதலில் தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர்தான்.

பூண்டு விழுதும் பழுதில்லை, வாசனைக்கே தீவனம் சீக்கிரம் காலியாகிறது. அளவு எதுவும் போடாமல் ‘இம்யூன் டானிக்’ என்று மட்டும் அச்சடித்த பாட்டில்களை நான் தொடுவதில்லை. அப்புறம், வைட்டமின் சி-யைச் சின்னப் பாக்கெட்டாக வாங்குங்கள். பிரித்து வைத்த தூள் பழுப்பேறினால் கொட்டிவிட வேண்டியதுதான்.