புருவ ஓரத்துக் கட்டி: உடனே எடுப்பதா, மீன்பிடித் தடைக்காலம் வரை பொறுப்பதா?

குழந்தை தலையில் கட்டி இருப்பது ராமேஸ்வரம் தீவில் எங்கள் தங்கச்சிமடத்துப் பக்கம் பல வீடுகளில் மொட்டை அடிக்கும்போதுதான் தெரியவரும். என் தங்கச்சி மகனுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. இடது புருவம் முடிகிற இடத்தில் கொண்டைக்கடலை அளவில் ஓர் உருண்டை. தொட்டால் அவன் அழவில்லை. மேல்தோல் நகர்ந்தது, கட்டி மட்டும் எலும்போடு ஒட்டி அப்படியே நின்றது. "கொழுப்புக் கட்டிதான், தானா கரைஞ்சிரும்" என்றார் அவன் அப்பத்தா.

கரையாது. இதற்குப் பெயர் டெர்மாய்டு. கரு உருவாகும்போது, மண்டை எலும்புகள் பொருந்தும் கோட்டில் தோலின் துணுக்கு ஒன்று சிக்கிக்கொள்கிறது. உள்ளே மாட்டினாலும் தோல் தோல்தானே! எண்ணெய் சுரக்கும், செதில் உதிர்க்கும், மயிர்கூட முளைக்கும். எதுவும் வெளியேற வழியில்லாததால் பை மெல்லப் பெருக்கும். புற்றுநோய் இல்லை என்பது பெரிய ஆறுதல்.

மச்சான் விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஆள் வீட்டில் இருப்பார். காசுதான் இருக்காது, அதற்குக் காப்பீட்டு அட்டை இருக்கிறது. புருவ ஓரக் கட்டிக்கு இந்தக் கணக்கு தப்பில்லை. சில மாதத்தில் எதுவும் ஆகிவிடாது, பிள்ளை கொஞ்சம் வளர்ந்தால் மயக்கமருந்து கொடுப்பதும் எளிது. ஆனால் வருஷக்கணக்கில் தள்ளக் கூடாது. ஓடி விழுந்து அடிபட்டு பை உடைந்தால் உள்ளிருப்பது கசிந்து வீங்கும், சுற்றிலும் ஒட்டிக்கொள்ளும். பிறகு முழுசாக எடுப்பது பெரும்பாடு. துணுக்கு மிஞ்சினாலும் மறுபடி வளரும்.

அதே கட்டி மூக்குத் தண்டிலோ பிடரியின் நடுவிலோ இருந்தால் பொறுப்பது என்ற பேச்சே வேண்டாம். அங்கே ஊசிமுனை அளவு குழியும் அதிலிருந்து ஒற்றை மயிரும் தெரிந்தால், உள்ளே மூளை வரை ஒரு பாதை போகலாம். அந்த வழியாகக் கிருமி நுழைந்தால் மூளைக்காய்ச்சல், சீழ்க்கட்டி வரை போகும். பிதுக்குவது, ஊசி குத்தி இழுப்பது, சுண்ணாம்பு தடவுவது எதுவும் கூடாது. குழந்தை அழும்போது கட்டி புடைத்தால் அது டெர்மாய்டாகவே இல்லாமல் போகலாம். மூளைச் சவ்வோ ரத்தக்குழாயோ பிதுங்கி நிற்கலாம். இதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

எந்த ஸ்கேன் என்பதும் கட்டி இருக்கும் இடத்தைப் பொறுத்ததுதான். அல்ட்ராசவுண்டுக்கு மயக்கமருந்து வேண்டாம், செலவும் குறைவு. புருவ ஓரத்துக்குப் பெரும்பாலும் போதும். சி.டி. எலும்பைத் தெளிவாகக் காட்டும், ஆனால் கதிர்வீச்சு உண்டு. எம்.ஆர்.ஐ.க்குச் சின்னப் பிள்ளையைத் தூங்க வைக்க வேண்டியிருக்கும். மூக்குத் தண்டு, பிடரி நடு என்று நடுக்கோட்டில் இருக்கும் கட்டி என்றால் அதற்குத் தயங்காதீர்கள், மூளைக்குப் போகும் பாதையை அதில்தான் நன்றாகப் பார்க்க முடியும். அந்தக் கட்டிக்கு மூளை நரம்பு அறுவை நிபுணர் வேண்டும், மதுரைக்குப் போவதே நல்லது. ராமநாதபுரத்தோடு முடித்துவிட நினைத்து அலைந்து நாளைக் கடத்தாதீர்கள்.

எங்கள் பையனுக்குத் தடைக்காலத்தில்தான் நடந்தது. புருவ மயிரை ஒட்டியே கீறி, பையை உடைக்காமல் எடுத்திருந்தார் டாக்டர். பிறகு அதைப் பிளந்து காட்டினார். பிசைந்த மாவு போல வெள்ளையாக ஏதோ, அதற்குள் சுருண்டு கிடந்த மூன்று மயிர்கள். மச்சான் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.